கயிறு மட்டும் தரமாட்டார்

மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பதற்கு முன்னால், ஆஞ்சப்பன் மாட்டுக்காரரின் வாயைத்தான் பார்ப்பார். வெற்றிலை போட்ட வாயா, பீடி பிடிக்கிற வாயா, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வாயா என்று ஒரு நோட்டம் விட்டுவிட்டு, "வாங்க மாமா, ஒரு டீ குடிச்சிட்டுப் பேசலாம்" என்று தோளில் கை போடுவார். டீக்குக் காசு மாமாதான் கொடுப்பார். தம்ளர் காலியாவதற்குள் வீட்டில் கல்யாணமா, கோர்ட்டு வழக்கா, வைத்தியச் செலவா, மாமாவுக்கு எவ்வளவு அவசரம் என்பதெல்லாம் ஆஞ்சப்பனுக்குத் தெரிந்துவிடும். மாட்டின் பல்லை அதற்கப்புறம் பார்த்தால் போதும்.

கெலமங்கலம் சந்தையில் மாட்டுத் தரகர்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. ஆஞ்சப்பனை மட்டும் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம். ஒல்லி உடம்பு, முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிய வேட்டி, காதில் சிவப்புக்கல் கடுக்கன், தோளில் ஒரு துண்டு. அந்தத் துண்டு வாங்கும்போது என்ன நிறமாக இருந்தது என்பதை இன்று யாராலும் சொல்ல முடியாது. துவைத்தால் ராசி போய்விடுமாம். வயதைக் கேட்டால் மாட்டுக் கணக்கில்தான் பதில் வரும்: "பல்லெல்லாம் சேந்துடுச்சுங்க." நாற்பதைத் தாண்டியிருப்பார் என்பது என் கணக்கு.

ஓசூர்ச் சீமையில் மூன்று பாஷை பேசுவது பெரிய காரியமில்லை. பேருந்து நடத்துநர் மூன்று பாஷையில் சில்லறை இல்லை என்பார். ஆனால் ஆஞ்சப்பன் மூன்றுக்கும் தனித்தனி வேலை வைத்திருக்கிறார். மாட்டைப் புகழ்வது தெலுங்கில். குறை சொல்வது கன்னடத்தில். சத்தியம் செய்வது தமிழில். ஏன் இந்த ஏற்பாடு என்று ஒருநாள் கேட்டேன். "எல்லாத்தையும் ஒரே சாமிகிட்ட மாட்டிக்கக் கூடாது பாருங்க" என்றார். ஒரு பாஷையில் அவரை மடக்கிவிட்டோம் என்று நாம் மூச்சு விடுவதற்குள் அடுத்த பாஷைக்குத் தாவி, அங்கிருந்து நம்மை நலம் விசாரிப்பார்.

இத்தனை பேச்சும் வெளியே. விலை மட்டும் அவர் வாயிலிருந்து வராது. வாங்குகிறவர் கையையும் தன் கையையும் துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு. சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வாய் வானத்தைப் பார்த்து மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். விரல் உள்ளே தன் காரியத்தைச் செய்யும். வாய் பொய் சொல்லலாம், அது தொழில். துண்டுக்குள் விரல் பொய் சொல்லக்கூடாது. பிடித்தது பிடித்ததுதான், மாற்றினால் அன்றோடு அந்த ஆள் சந்தைக்கு வரவேண்டாம்.

நான் இந்த ஊர் மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். சந்தை நாளில் வெக்கை நோய் ஊசிப் பெட்டியோடு ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். அதே மரத்தின் மறுபக்கம் ஆஞ்சப்பனுடைய ஆபீஸ். அந்தப் பழக்கத்தில் அவர் மூலமாக ஒரு பசு வாங்கித் தொலைத்தேன். "சாதுவான மாடுங்க. கொழந்தகூட கறக்கும்" என்று தமிழில் சத்தியம் செய்தார். மறுநாள் காலை அந்தச் சாது விட்ட உதையில் செம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சண்டைக்குப் போனேன். என் மூன்று வயது மகளைப் பசுவின் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார். பசு அசையாமல் நின்று அவள் தலையை நக்கியது. "நான் கொழந்தன்னுதானே சொன்னேன். கம்பவுண்டருன்னா சொன்னேன்?" என்றார். இன்றுவரை என் மனைவிதான் கறக்கிறாள். நான் தள்ளி நின்று பார்த்துக்கொள்கிறேன்.

அந்தப் பசுவை வாங்கிய அன்றுதான் கயிற்று வழக்கத்தைத் தெரிந்துகொண்டேன். விலை முடிந்ததும் மாட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆஞ்சப்பன் என் கையில் பட்டென்று ஒரு அடி போட்டார். விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வாங்கியவர் புதுக் கயிறு போட்டு ஓட்டிப் போக வேண்டும். கயிறும் சேர்ந்து போனால் விற்றவர் வீட்டில் அப்புறம் மாடு தங்காது என்று இங்கே எல்லோருக்கும் பயம். மாட்டை வாரத்துக்கு விடும்போது, அதாவது இன்னொருவர் வீட்டில் வளரட்டும் என்று அனுப்பும்போது மட்டும், பழைய கயிறே கூடப் போகும். அது திரும்பி வரப்போகிற மாடு அல்லவா.

அன்று சந்தையில் புதுக் கயிறு தீர்ந்துபோயிருந்தது. பக்கத்திலேயே ஆஞ்சப்பன் வீடு. உள்ளே சுவரில் ஒரு கயிறு மாட்டியிருந்ததைப் பார்த்து, அதைக் கொடுங்கள், நாளைக்குத் தந்துவிடுகிறேன் என்றேன். கற்றாழை நார்க் கயிறு. எண்ணெய் போட்டுப் போட்டுக் கறுத்து மின்னியது. எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர், வேட்டியைக்கூட விலை பேசிக் கொடுத்துவிடுகிற மனிதர், அன்று ஒரே பாஷையில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "தரமாட்டன்."

அந்தக் கயிற்றின் கதை ஊருக்கே தெரியும். எனக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது. ஆஞ்சப்பனுக்கு முனிலட்சுமி என்று ஒரு மனைவி இருந்தாள். அந்தக் காலத்தில் பேர் வாங்கிய தரகர் நாராயணப்பனின் மகள். கல்யாணத்தில் தாய்வீட்டுச் சீதனமாக அவளோடு ஒரு பசு வந்தது. கௌரி என்று பெயர். இரண்டாவது பிரசவத்துக்கு முனிலட்சுமி தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது, ஆனேக்கல்லிலிருந்து வந்த ஒருவர் கௌரியைப் பார்த்துவிட்டு ஆஞ்சப்பனின் கையைத் துண்டுக்குள் இழுத்தார். உள்ளே பிடித்த விரல்களின் கணக்கில் ஆஞ்சப்பனுக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். தொழில் புத்தி. சரி என்று பிடித்துவிட்டார். பிடித்தது பிடித்ததுதானே. கைக்குழந்தையோடு திரும்பி வந்த முனிலட்சுமி, கொட்டிலில் மாடு இல்லாமல் கயிறு மட்டும் தொங்குவதைப் பார்த்தாள். தரகர் மகளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பஞ்சாயத்து கூடியது. "நல்ல வெல வந்துச்சாம், வித்துட்டாராம். நாளைக்கு எனக்கு ஒரு நல்ல வெல வந்தா?" என்று முனிலட்சுமி கேட்டாள். அந்த இடத்தில் ஆஞ்சப்பன் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். சிரிக்க வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்து, "உன்ன யாரு வெல கேக்கப்போறாங்க?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். முனிலட்சுமி சிரிக்கவில்லை. அவர்கள் சாதி வழக்கப்படி துரும்பு கிள்ளிப் போட்டு அன்றே கல்யாணத்தைத் தீர்த்துக்கொண்டாள். வழக்கப்படி பிள்ளைகள் தகப்பனுக்கு. ஆனால் பையன் பால் குடிக்கிற குழந்தை என்பதால், பிள்ளைகள் தாயிடம் இருப்பது, சந்தைக்குச் சந்தை தகப்பனிடம் வருவது என்று முடிவாயிற்று.

அதற்கப்புறம் ஆஞ்சப்பன் ஆனேக்கல்லுக்குப் போய்க் கௌரியைத் தேடியிருக்கிறார். வாங்கியவர் வேறொருவருக்கு விற்றிருந்தார். அவர் கனகபுரா பக்கம் யாருக்கோ விற்றிருந்தார். அதற்கு மேல் தடம் தெரியவில்லை. கையில் கயிறோடு போனவர் கயிறோடு திரும்பினார். மாட்டுப் பொங்கல் வந்தால் மாடில்லாத அந்தக் கயிற்றுக்கு எண்ணெய் போடுவார், மஞ்சள் வைப்பார். இதைக் கேள்விப்பட்ட பிறகு நான் அந்தக் கயிற்றைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. என் பசுவைப் பற்றிய பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.

பிள்ளைகள் வருகிற சந்தை நாளில் ஆஞ்சப்பன் வேறு ஆள். மூத்தவள் ஜோதிக்குப் பத்து வயது. இளையவன் திம்மராயனுக்கு ஆறு. இரண்டு பேரும் புளியமரத்தின் வேரில் உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டு வியாபாரத்தைக் கவனிப்பார்கள். ஆஞ்சப்பன் ஒரு மாட்டின் வாயைத் திறந்து வாங்க வந்தவரிடம், நாலு பல்தான், இளம் மாடு என்று ஆரம்பிப்பார். "இல்லப்பா, ஆறு" என்று வேரிலிருந்து ஜோதியின் குரல் வரும். பேரம் கெட்டுப்போகும். வாங்க வந்தவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். ஆஞ்சப்பன் தலையில் அடித்துக்கொள்வார். அப்புறம் என்னிடம் வந்து, மறுபக்கம் கேட்காத குரலில், "தூரத்துலேந்தே பாத்துட்டா, பாத்தீங்களா?" என்பார். அந்த முகத்தை மாட்டு விற்பனையில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

பிள்ளைகளின் பல்லும் அவர் கணக்கில் உண்டு. போன சந்தைக்கு எது ஆடியது, இந்தச் சந்தைக்கு எது விழுந்தது என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். திம்மராயனுக்கு முன்பல் இரண்டும் விழுந்தபோது சந்தை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் ஓய்ந்தார். அவன் வாயை மூடிக்கொள்ளத் தெரியாமல் எல்லோருக்கும் காட்டினான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தது. போன வருஷம், நயா பைசா வந்து ஊரே கணக்குத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த சமயத்தில், முனிலட்சுமிக்கு மறுகல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை கங்கப்பன், கல்லாவிப் பக்கத்துக்காரர். மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். கல்யாணத்துக்காக லீவில் வந்தவர், மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறுவதாக ஏற்பாடு. தோட்டத்தில் வீடு உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. இங்கே முனிலட்சுமி புளி உடைத்துக் கை வெடித்துப்போய்க் கிடந்தாள். அவள் பக்கத்து நியாயம் எனக்குப் புரிந்தது. ஒரே ஒரு தடங்கல். பிள்ளைகள் கடல் தாண்டுவதற்குப் பெற்ற தகப்பனின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

ஆஞ்சப்பன் எதிர்ப்பை அன்றே தொடங்கினார். முதலில் மலாயாவைப் பற்றிய பிரச்சாரம். அங்கே ராகி விளையாது, களி கிடையாது, பிள்ளைகள் இளைத்துவிடும். தினமும் மழை, துணி காயாது. தோட்டத்தில் அட்டை, மரத்தில் பாம்பு, தெருவில் புலி. கிருஷ்ணகிரி மண்டியில் மலாயா போய் வந்த ஒருவர் இருப்பதைக் கண்டுபிடித்து, சாட்சி சொல்ல அழைத்து வந்தார். அந்த மனிதர் தாட்டியாக, பளபளவென்று, கையில் கடிகாரத்தோடு வந்து நின்றார். அவரைப் பார்த்த பிறகு கெலமங்கலத்தில் இன்னும் இரண்டு பேர் மலாயா போக ஆசைப்பட்டார்கள். ஆஞ்சப்பன் சாட்சியை அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்பிவிட்டார்.

அடுத்து மாப்பிள்ளையைப் பரிசோதித்தார். கையெழுத்துக் கேட்டுப் புளியமரத்தடிக்கு வந்த கங்கப்பனை உட்காரக்கூடச் சொல்லாமல் சுற்றி வந்து பார்த்தார். பின்னங்கழுத்தைப் பார்த்தார். உச்சித் தலையில் சுழி தேடினார். கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தார்; குறை என்று எனக்குப் புரிந்தது. கடைசியில், "கொஞ்சம் சிரிங்க பாக்கலாம்" என்றார். சாதுவான மனிதர் கங்கப்பன். எதற்கென்று தெரியாமலே சிரித்தார். "சொன்ன வயசுக்கு மேல இருக்கும். ஒரு பல்லு தங்கத்துல கட்டியிருக்கு. பல்லு மாத்தின மாட்ட நான் விசாரிக்காம வாங்கறதில்ல" என்று என் பக்கம் திரும்பித் தீர்ப்புச் சொன்னார். கங்கப்பனுக்குக் கோபம் வரவில்லை. அது ஆஞ்சப்பனுக்குப் பெரிய ஏமாற்றம்.

பிறகு கை நோய் வந்தது. ஒரு காலை ஆஸ்பத்திரிக்கு வந்து, வலது கட்டைவிரல் சுளுக்கிவிட்டது, பேனா பிடிக்க முடியாது, கட்டுப் போடுங்கள் என்றார். விரலில் ஒரு வீக்கமும் இல்லை. இது மாட்டு ஆஸ்பத்திரி என்றேன். "எனக்கு அது போதுங்க" என்றார். மாட்டுக் காலுக்குப் போடுகிற துணியில் கொழுக்கட்டை அளவுக்கு ஒரு கட்டுப் போட்டு அனுப்பினேன். சாயங்காலம் இடது கட்டைவிரலோடு வந்தார். இதற்கென்ன என்றேன். கைநாட்டு வைக்கச் சொல்லிவிடுவார்கள் என்று பயம்.

கங்கப்பனின் உறவுக்காரர்கள் வேறு விதமாகக் கணக்குப் போட்டார்கள். தரகர்தானே, தரகு எதிர்பார்க்கிறார் என்று நினைத்து ஒருவர் வந்து மரத்தடியில் உட்கார்ந்து, மெல்ல ஒரு துண்டை விரித்துக் கையை நீட்டினார். ஆஞ்சப்பன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. எழுந்து, தன் மூட்டையை எடுத்துக்கொண்டு, ஓட்ட வேண்டிய மாட்டைக்கூட மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். அந்த மாட்டை நான்தான் கொண்டுபோய் அவர் வீட்டுக் கொட்டிலில் கட்டினேன்.

அவர் கதவருகில் உட்கார்ந்திருந்தார். கயிறு அதே ஆணியில் தொங்கியது. நான் கேட்காமலே பேசினார். "ஆனேக்கல்லு எத்தினி தூரம் சாமி? நடந்தே போயிடலாம். அங்க போனதையே என்னால கண்டுபிடிக்க முடியல. ஒருத்தன் கை மாறி இன்னொருத்தன் கைக்குப் போயிடுது. இதுங்க கடல் தாண்டிப் போனா, நான் எங்கன்னு போயி விசாரிப்பன்?" தமிழில்தான் சொன்னார். சத்தியம் எதுவும் செய்யவில்லை. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்ததால் பசு நேற்றும் உதைத்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கப்பல் நாள் நெருங்கியது. ஊர்ப் பெரியவர் கிருஷ்ணப்பன் பஞ்சாயத்தைக் கூட்டினார். சந்தை கலைந்த பிறகு, அதே புளியமரத்தடியில். படித்தவன் ஒருவன் இருக்கட்டும் என்று என்னையும் உட்கார வைத்தார்கள். ஆஞ்சப்பன் இரண்டு கட்டைவிரல் கட்டோடும் வந்தார். சம்மதம் உண்டா இல்லையா என்று கேட்டதற்குத் தெலுங்கில் தொடங்கினார். பிள்ளைகளின் அருமை பெருமை. கிருஷ்ணப்பன் தெலுங்கில் மடக்கப் பார்த்தபோது கன்னடத்துக்குப் போனார். அங்கே கடலின் குற்றம் குறைகள். கன்னடம் தெரிந்தவர் ஒருவர் வாயைத் திறந்ததும் தமிழுக்கு வந்து எல்லாச் சாமியின் மேலும் ஆணையிட்டார். எதற்காக ஆணை என்பதுதான் யாருக்கும் புரியவில்லை. வெயில் இறங்கிவிட்டது.

அதுவரை தள்ளி நின்ற முனிலட்சுமி முன்னால் வந்தாள். "வாயில பேசினா இந்தாளு மூணு பாசையில தப்பிச்சிக்குவாரு. துண்டப் போடச் சொல்லுங்க" என்றாள்.

கூட்டத்தில் சலசலப்பு. பெண்பிள்ளை துண்டுக்குள் கை விடுவதாவது, அதுவும் தீர்த்துக்கொண்டவனிடம் என்று ஒருவர் எழுந்தார். கிருஷ்ணப்பன் கங்கப்பனைப் பார்த்தார். "கணக்கு முடிஞ்சா சரிங்க" என்றார் கங்கப்பன். அந்த நிமிஷம் எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துப்போயிற்று. நாராயணப்பனின் மகளுக்கு விரல் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்ன வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்தவள், சந்தையிலேயே எல்லாம் பார்த்துப் பழகியவள். எதிரில் உட்கார்ந்தாள். என்ன பேசுகிறோம் என்பதை மட்டும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"நான் பிள்ளைங்கள வாங்கவும் வரல, நீ விக்கவும் வேணாம். எத்தினி வருசத்துல திருப்பிக் கூட்டிக்கினு வந்து உன் கண்ணுல காட்டணும், அத மட்டும் வெரல்ல சொல்லு."

ஆஞ்சப்பன் இரண்டு கட்டுகளையும் தானே அவிழ்த்தார். நான் போட்ட கட்டு அவ்வளவு சுலபமாக அவிழும் என்று எனக்கே தெரியாது. துண்டு விழுந்தது. பேரம் பேசும்போது வானத்தைப் பார்த்து மழையைப் பற்றிப் பேசுகிறவர் அன்று வானத்தையும் பார்க்கவில்லை, மழையைப் பற்றியும் பேசவில்லை. முனிலட்சுமி தலையை ஆட்டினாள். அவர் ஆட்டினார். துண்டு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. அவள் கங்கப்பன் பக்கம் ஒருமுறை பார்த்து யோசித்தாள். பிறகு சரி என்று தலையை அசைத்தாள். துண்டு அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் விலகவில்லை. கிருஷ்ணப்பன் கனைத்தார். ஆஞ்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பேனா எங்க?" என்றார்.

எத்தனை வருஷம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டீக்கடையில் ஒரு கணக்குச் சொல்கிறார்கள், மண்டியில் ஒரு கணக்கு. நானும் கேட்டுப் பார்த்தேன். "துண்டுக்குள்ள பேசினத வெளிய சொன்னா அவன் தரகனே இல்லீங்க" என்று சொல்லிவிட்டார். அவ்வளவு நாளில் பிள்ளைகள் வளர்ந்து அடையாளம் மாறிவிடுமே என்று ஏதோ ஆதங்கத்தில் கேட்டுவைத்தேன். சிரித்தார். "பல்லக் காட்டினா நான் கண்டுபிடிச்சுக்குவன். அதுங்களுக்கு என்னத் தெரியணுமே, அதான்." சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவர்கள் கிளம்பிய நாளில் நானும் பஸ்ஸுக்குப் போயிருந்தேன். ராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரி, அங்கிருந்து சேலம், ரயில் ஏறி நாகப்பட்டினம், அப்புறம் கப்பல். தெருவே திரண்டு வந்திருந்தது. ஒரு பெரிய தகரப் பெட்டியில் பிள்ளைகளின் சாமான்கள். பூட்டு சரியில்லை என்று கங்கப்பன் சந்தையில் ஒரு புதுக் கயிறு வாங்கி வரிந்து கட்டியிருந்தார். பெட்டியை மேலே ஏற்றுவதற்கு ஆள் ஏணியில் ஒரு கால் வைத்துவிட்டான்.

ஆஞ்சப்பன் அப்போதுதான் வந்தார். திம்மராயனை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். விழுந்த இடத்தில் புதுப் பல் வெள்ளையாக முளை விட்டிருந்தது. ஜோதியின் தலையைத் தடவினார். பிறகு நேராகப் பெட்டியிடம் போய்க் குந்தி உட்கார்ந்து, கங்கப்பன் கட்டிய புதுக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். ஏணியில் நின்றவன் திட்டினான். நடத்துநர் மூன்று பாஷையிலும் அவசரப்படுத்தினார். ஆஞ்சப்பன் புதுக் கயிற்றைச் சுருட்டிக் கங்கப்பன் கையில் கொடுத்தார். தோளில் கிடந்த துண்டுக்கு அடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். கற்றாழை நார், எண்ணெயில் கறுத்தது.

முனிலட்சுமிக்கு அந்தக் கயிறு தெரிந்துவிட்டது. வழக்கம்போல ஜோதிதான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"வித்தா கயிறு தரமாட்டன்னு சொல்லுவியேப்பா?"

"இப்ப யாரு வித்தது?" என்றார் ஆஞ்சப்பன், நிமிராமலே.

கயிற்றைப் பெட்டியின் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, மாட்டைக் கட்டுகிற முடிச்சாகப் போட்டார். ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் இழுக்கப் பார்த்தார். முடிச்சு வழுக்கி வழுக்கித் தளர்ந்தது. முனிலட்சுமி மெல்லக் குனிந்து, முடிச்சின் மேல் ஒரு விரலை வைத்து அழுத்திக்கொண்டாள். ஆஞ்சப்பன் கயிற்றின் இரண்டு முனைகளையும் பிடித்து இழுத்து இறுக்கினார்.